நிழலில் உருவம் கண்டவர்

மறைந்திருப்பதைக் காண விழைவது மனித அறிவின் இயல்பு. அவ்விழைவையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் விஞ்ஞானி கோ. நா. இராமச்சந்திரன். இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி நெறி கற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். 1952இல் சென்னைப் பல்கலைக் கழகப் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்குண்ட வடிவினது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் உலகிற்கு அறிவித்தார்.

எக்ஸ் கதிர்ப் படம் என்பது உடலின் நிழலே. அதில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் மயங்கித் தோன்றும். பல கோணங்களில் நிழல்களைப் பதிவு செய்து, கணக்கிட்டு இணைத்தால் உள்ளுருவம் தெளிவாகும். ஆயின் அக்கணக்கு மிக நீண்டது. 1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் அதனைச் சுருக்கும் எளிய கணித வழியொன்றை வெளியிட்டனர். தலையைத் திறவாமலே மூளையைக் காட்டும் சி.டி. கருவிகளுக்கு அவ்வழி பின்னர்ப் பெருந்துணையாயிற்று. அறிவுலகம் போற்ற வாழ்ந்த அப்பெரியார் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

மூளையின் உருவைக் கண்ட விஞ்ஞானம் இன்று மனத்தின் துயரையும் காண முயல்கின்றது. வளரிளம் பருவத்தினர் சிலரை மனச்சோர்வு நோய் வருத்துகின்றது. எலும்பு முறிவைப்போல அஃது ஒரு படத்தில் புலப்படுவதில்லை. ஆதலால், காந்த விசையால் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியை ஆராய்ச்சியாளர் துணைக்கொள்கின்றனர். நோயுற்றோர், நோயற்றோர் ஆகிய இருசாராரின் மூளைப் படங்களையும் கணிப்பொறிக்கு அளித்து, நுண்ணிய வேறுபாடுகளை அது தானே கற்றறியுமாறு செய்கின்றனர். எனினும், ஓரிடத்துப் படங்களில் தேர்ந்த கணிப்பொறி வேறிடத்துப் படங்களில் பிழைபடுவதுண்டு. இன்றும் மருத்துவர் நோயாளியிடம் பரிவோடு வினவியே இந்நோயைத் துணிகின்றார்.

மாணவர்களே! ஒரு நிழலைக்கொண்டு உருவத்தை முடிவு செய்தலாகாது என்பதே இராமச்சந்திரனின் கணிதம் உணர்த்தும் உண்மை. தோழன் ஒருவன் விளையாட்டை வெறுத்துப் பல நாள் தனித்திருப்பானாயின், அவனைச் சோம்பன் என இகழாதீர், அருகிருந்து கேளுங்கள். உங்கள் உள்ளம் சோர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மறையாது கூறுங்கள். கருவி காணாத துயரையும் வாய்விட்டுரைத்தால் பிறர் அறிவர். அறிந்தால் தீர்க்க வழியுண்டு.