திப்பு சுல்தானின் விசைப்புலி

வானம் தெளிந்த நாளில் குன்னூரிலிருந்து பக்காசுரன் மலையைப் பார்த்திராதவர் நம்மில் அரிது. அதன் உச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டையைத் திப்புவின் கோட்டை என்பார்கள். சென்ற ஆண்டு அங்கே சென்றபோது மூடுபனியில் சில கற்களைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் அம்மன்னரைப் பற்றி அறியும் ஆவல் அன்றுதான் பிறந்தது.

திப்பு 1750-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் தேவனஹள்ளியில் ஹைதர் அலியின் மகனாகப் பிறந்தார். ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் மகானின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. 1782-இன் இறுதியில் தந்தை மறைய, மைசூர் அரசு அவர் கைக்கு வந்தது. அவர் நடத்திய போர்களை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். எந்திரங்களின் மீது அவருக்கிருந்த மோகத்தைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்தில் ஐரோப்பியச் செல்வந்தர்கள் சட்டைப்பையில் விந்தையான பொற்கடிகாரங்களை வைத்திருந்தனர். தீப்பெட்டி இல்லாத காலம் அல்லவா? இருட்டில் குமிழை அழுத்தினால் போதும்; மணியையும் கால்மணியையும் கடிகாரமே ஒலித்துக் காட்டிவிடும். சிலவற்றின் முகப்பில் இரண்டு சின்னஞ்சிறு பாவைகள் சுத்தியல் ஏந்தி நின்று மணியடிக்கும். உண்மையில் ஓசை எழுவது உள்ளே மறைந்திருக்கும் எஃகுக் கம்பியிலிருந்து. பாவைகள் செய்வது வெறும் நடிப்பே!

இத்தகைய தொழில்நுட்பம் தம் நாட்டிலும் வளர வேண்டுமெனத் திப்பு ஆசைப்பட்டார். அவருடைய தூதர்கள் 1788 ஆகஸ்டு 10 அன்று வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டனர். படை உதவியுடன் கடிகாரம் செய்வோர் முதலிய கைவினைஞர்களையும் கேட்டனர். காலத்தை அளப்பதில் திப்புவுக்கு இருந்த ஆர்வம் எவ்வளவு என்றால், தம் அரசுக்கெனப் புதிய நாட்காட்டியே வகுத்தார்.

அவரிடமிருந்த மரப்புலி உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள அப்புலி, ஓர் ஐரோப்பியனை வீழ்த்தி அவன்மேல் நிற்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயுள்ள துருத்திகள் காற்றை ஊதும். புலி உறுமும், மனிதன் ஓலமிடுவான், அவன் இடக்கை மேலும் கீழும் அசையும். புலியின் வயிற்றுக்குள் சிறிய இசைக்கருவி ஒன்றும் உண்டு.

இதைப் படித்து நான் சிரித்தபோது என் தாயார் சிரிக்கவில்லை. அவருடைய முன்னோர் மங்களூர்க் கத்தோலிக்கர். 1784-இல் திப்புவின் ஆணைப்படி ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் கைது செய்யப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் பலர் மாண்டனர். அதே மன்னர்தான் 1791-இல் மராட்டியப் படையினர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பொருளுதவி செய்தார். இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்து எண்ணுவதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனினும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க மனம் ஒப்பவில்லை.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலேயே உயிர் நீத்தார். உயிரோடிருந்த கைதிகள் விடுதலை பெற்றனர். சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்க்க ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குருவானவர் அங்கு வந்தார். நம் நீலகிரியும் அவ்வாண்டே கம்பெனியார் வசமாயிற்று.

விசைப்புலி கப்பலேறி லண்டன் சென்றது. அங்கே கம்பெனி மாளிகையின் நூலகத்தில் அதை வைத்தார்கள். வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்க, புலியின் உறுமலால் படிக்கவே முடியவில்லை என்று வாசகர்கள் முறையிட்டார்களாம். இப்போது அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.