மூன்று முறை பிரஜையானவர்

பகத்சிங் என்றதும், 1931-ல் லாகூர் சிறையில் தூக்குமேடை ஏறிய தியாகியின் முகம்தான் நம் கண் முன்னால் வரும். அதே பெயர் கொண்ட இன்னொரு பஞ்சாபியரும் சரித்திரத்தில் இடம் பெற்றிருக்கிறார். அவர் பகத்சிங் திண்ட். அவர் போராடிய இடம் அமெரிக்க நீதிமன்றம். கேட்டது பிரஜா உரிமைப் பத்திரம் ஒன்று. அந்தப் பத்திரத்தை அவருக்கு மூன்று முறை கொடுத்தார்கள். இரண்டு முறை திரும்பப் பறித்துக்கொண்டார்கள்.

திண்ட் 1892-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, அமிர்தசரஸ் மாவட்டத்தில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். மேல்படிப்புப் படிக்க விரும்பிக் கப்பலேறியவர், 1913 ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சியாட்டில் துறைமுகத்தில் இறங்கினார். அன்று அமெரிக்காவின் சுதந்திர தினம். படிப்புச் செலவுக்காக ஓரிகன் மாநிலத்தின் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்தார். பஞ்சாபிலிருந்து போன பலருக்கும் அந்த ஆலைகளே பிழைப்பு.

சட்டத்தில் ஒரு சொல்

அந்நாளில் அமெரிக்கப் பிரஜையாக விரும்பும் வெளிநாட்டவர், முதலில் தன் விருப்பத்தை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் அந்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். நன்னடத்தைக்குச் சாட்சி காட்ட வேண்டும். பிறகு நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு நிபந்தனை இருந்தது. 1790-ம் ஆண்டுச் சட்டப்படி, சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே பிரஜையாகலாம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1882-ல் சீனர்களுக்குக் கூடாது என்று தனிச் சட்டமே வந்தது. இந்தியரைப் பற்றிச் சட்டம் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஆகவே அந்தந்த நீதிபதியின் கருத்தே முடிவாயிற்று. இந்தியாவைச் சேர்ந்த பார்சிக்காரரான பிகாஜி பால்சாராவுக்கு நியூயார்க்கில் 1910-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி கிடைத்தது. வேறு சிலர் வெறுங்கையுடன் திரும்பினர்.

1917-ல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான ஆசியப் பகுதிகளிலிருந்து புதிதாக ஆட்கள் வருவதையே தடுத்தது. திண்ட் அதற்கு முன்பே வந்துவிட்டவர்.

ராணுவ உடையில் முதல் பத்திரம்

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பின், 1918 ஜூலையில் திண்ட் ராணுவத்தில் சேர்ந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள லூயிஸ் முகாமில், தலைப்பாகையைக் கழற்றாமலே சேவை செய்தார். நவம்பரில் தற்காலிக சார்ஜண்டாக உயர்த்தப்பட்டார். அதே மாதம் போர் முடிந்தது. டிசம்பரில் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டார்.

சிப்பாய்கள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்த ஆண்டுதான் சட்டம் செய்திருந்தார்கள். அதன்படி 1918 டிசம்பர் 9-ந் தேதி, ராணுவ உடையிலேயே நின்று திண்ட் பிரஜா உரிமை பெற்றார். நாலே நாளில் அது ரத்தாயிற்று. அவர் வெள்ளையர் அல்ல என்பதே காரணம்.

திண்ட் சோர்ந்துவிடவில்லை. அடுத்த மாநிலமான ஓரிகனில் மீண்டும் மனுச் செய்தார். இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட கதர் கட்சியினருடன் அவருக்குப் பழக்கம் உண்டு என்பதும் அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டது. நீதிபதி சார்லஸ் வுல்வர்ட்டன் எல்லாவற்றையும் விசாரித்து, 1920 நவம்பர் 18-ந் தேதி பிரஜா உரிமை வழங்கினார். சர்க்கார் தரப்பு விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது.

மூன்று மாதத்தில் மாறிய அளவுகோல்

திண்டுக்காக வாதாடியவர் சக்காராம் கணேஷ் பண்டிட். அவரும் இந்தியாவில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான வக்கீல்.

இதற்குச் சற்று முன், 1922 நவம்பரில், டக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் அதே கோர்ட்டு தீர்ப்பு வழங்கியிருந்தது. தோல் நிறம் முக்கியமல்ல, காக்கேசிய இனத்தவரே வெள்ளையர் என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளியது. இந்தத் தீர்ப்பு திண்டுக்கு நம்பிக்கை அளித்தது. வட இந்தியர் காக்கேசிய இனத்தவர் என்று அந்நாளைய இன நூல்கள் சொல்லி வந்தன அல்லவா?

திண்டின் தரப்பில், அவர் உயர்சாதி ஆரியர், கலப்பு இல்லாதவர் என்றும் வாதிக்கப்பட்டது. இன்று படிக்கும்போது இந்த வாதம் நெருடுகிறது. ஓர் அநீதியிலிருந்து தப்ப, தாய்நாட்டின் இன்னொரு அநீதியைச் சாட்சிக்கு அழைத்தது போலாயிற்று. அந்தச் சாட்சியும் பயன்படவில்லை.

1923 பிப்ரவரி 19-ந் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர், ஓசாவா வழக்கில் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட். இந்தியரைக் காக்கேசியர் என்று நூல்கள் சொன்னாலும், சாதாரண அமெரிக்கன் வெள்ளையன் என்று எவனை நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று இம்முறை அவர் முடிவு செய்தார். ஜப்பானியருக்கு நூல் அளவுகோல். இந்தியருக்கு ஊரார் அளவுகோல். சதர்லண்டே இங்கிலாந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர்தான்.

பறிபோன வாழ்வு

தீர்ப்பு திண்ட் ஒருவரோடு நிற்கவில்லை. ஏற்கெனவே பிரஜையாகியிருந்த மற்ற இந்தியரின் பத்திரங்களையும் ரத்து செய்ய வழக்குகள் தொடரப்பட்டன. பிரஜையாகத் தகுதி இல்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்பது கலிபோர்னியா சட்டம். உழைத்து வாங்கிய நிலத்தைப் பலர் இழக்க வேண்டியதாயிற்று.

சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், மனைவி மக்களோடு 1915-ல் வந்து 1921-ல் பிரஜையானவர். பத்திரத்தோடு கடையும் போயிற்று. இந்தியா சென்று வர அமெரிக்க பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாத நிலையில், 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

வக்கீல் பண்டிட் மீதும் வழக்கு வந்தது. முறைப்படி கிடைத்த பத்திரத்தை நம்பி, தொழிலும் சொத்தும் அமைத்துக்கொண்ட பின் அதைப் பறிக்க முடியாது என்று வாதாடி, 1927-ல் இறுதியாக வென்றார். அதன்பின் மற்றவர்கள் மீதான வழக்குகளைச் சர்க்கார் கைவிட்டது.

மூன்றாவது பத்திரம்

திண்ட் நாடு திரும்பவில்லை. அமெரிக்கா முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆன்மிகச் சொற்பொழிவு ஆற்றினார், புத்தகங்கள் எழுதினார். முதல் உலகப் போரில் சேவை செய்தவர்கள் எந்த இனத்தவராயினும் பிரஜையாகலாம் என்று 1935-ல் சட்டம் வந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் திண்ட் மூன்றாவது பத்திரம் பெற்றார். ராணுவ உடையில் நின்றபோது கொடுத்துப் பறித்ததைத் திரும்பப் பெற, 18 ஆண்டுகள் ஆயின.

மற்ற இந்தியருக்கு 1946-ல்தான் வழி பிறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம், அங்கே இருப்பவர்கள் பிரஜையாகலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. அதன் பயனாக 1949-ல் பிரஜையான திலீப்சிங் சௌந்த், 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952-ல் இன நிபந்தனையே அடியோடு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, நம் தமிழ்க் குடும்பத்து விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் அமெரிக்கப் பிரஜையானார். அவர் வெள்ளையரா என்று யாரும் கேட்கவில்லை.

திண்ட் 1967 செப்டம்பர் 15-ந் தேதி காலமானார். தானும் வெள்ளையரே என்று அவர் கோர்ட்டில் சொல்லிப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. யார் வெள்ளையர் என்ற கேள்வியையே சட்டத்திலிருந்து எடுத்த பிறகுதான் அது எல்லோருக்கும் திறந்தது.