திண்ணன் ஏந்திய வில்

கங்காதர நெல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாட்டி சொன்ன கதைகளுள் வேடன் திண்ணன் கதையே எனக்கு முதலில் மனப்பாடமாயிற்று. பிழைப்பை நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் கேட்ட கதையையே பள்ளியில் தெலுங்கில் மறுபடியும் கேட்டபோது, நம் வீட்டுப் பிள்ளையை அடுத்த வீட்டார் தம் பிள்ளை என்று கொஞ்சுவது கண்டாற்போல எனக்குச் சிறிது பொறாமைகூட உண்டாயிற்று. அந்தப் பொறாமை தீர வெகுநாள் ஆயிற்று. அது கிடக்கட்டும்.

இப்போது இதை எழுதத் தூண்டியது வேறொன்று. விடுதியில் என் அறைக்கு அடுத்த அறைத் தெலுங்கு நண்பர் வில்வித்தைப் பயிற்சி செய்பவர். சென்ற மாதம் தம் காம்பவுண்டு வில்லைக் கொணர்ந்து என் கையில் கொடுத்தார். இழுக்கத் தொடங்கியதும் தோள் இற்றுவிடும் போலிருந்தது. பாதி கடந்ததும், அடடா, பாரம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது! அடுத்து, மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிய ஒரு வில்லையும் தந்தார். அதைக் காதளவு இழுத்துப் பத்து நொடி தாங்குவதற்குள் கை வெடவெடத்தது. திண்ணனிடம் மட்டும் இந்தப் புது வில் இருந்திருந்தால் என்று நண்பர் நகைத்தார். எனக்கு நகைப்பு வரவில்லை. அன்றிரவே சேக்கிழார் நூலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர் என்பது வேடர் ஊர். இன்றைய கடப்பைச் சீமையின் ஒரு பகுதியே அந்நாடு என்று அறிஞர் கூறுவர். அவ்வூர்த் தலைவன் நாகன், மனைவி தத்தை. நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்தி முருகனை வேண்டிப் பெற்ற மகனைத் தூக்கியபோது திண்ணென்று கனத்தானாம். திண்ணன் என்றே பெயரிட்டனர். பருவம் வந்ததும் அவனை வில்லுக்கு அமர்த்தினர். நம்மவர் பிள்ளைக்கு ஏடு தொடக்குவது போல, வேடர் பல நாள் விழாவெடுத்து வில் தொடக்கினர். அவர்களுக்கு வில்லே எழுத்து; காடே பள்ளி.

தந்தை மூப்படைந்தான். வேட்டை தளர்ந்தது, விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. குடிகள் வந்து முறையிட, நாகன் தலைமையை மகனிடம் ஒப்புவித்தான். நாயும் வலையும் சூழத் திண்ணன் கன்னி வேட்டைக்குப் புறப்பட்டான். அப்போது ஒரு காட்டுப்பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடிற்று. திண்ணனும், நாணன், காடன் என்னும் இரு தோழரும் அதன் பின்னே ஓடினர். நெடுந்தூரம் ஓடிக் களைத்த பன்றி ஒரு மரநிழலில் நின்றது.

இங்கேதான் நான் ஏட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். திண்ணன் அதை வில்லால் வீழ்த்தவில்லை. நெருங்கிச் சென்று உடைவாளால் இரு துண்டாக்கினான்! வில்லாளியின் முதல் வேட்டையிலே வில்லுக்கு வேலை இல்லை.

ஏன் என்று பௌதிகம் படிக்கும் புத்தி கேட்கிறது. பழைய வில்லை இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில் பாரம் உச்சத்தில் இருக்கும். நுனிகள் முன்புறம் வளைந்த ரீகர்வ் வில்லில், தொடக்கத்திலேயே விசை ஓரளவு ஏறிவிடுவதால், அதே இறுதிப் பாரத்துக்கு ஆற்றல் சற்று மிகுதியாகச் சேரும். ஆனால் தாங்கும் சுமை குறையாது. 20 கிலோ வில் என்றால் 20 கிலோவையும் மூன்று விரல்கள் சுமக்க வேண்டும். அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்லோ, மையம் விலகிய கப்பிகளால் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. உச்சத்தைக் கடந்ததும் முக்கால் பாரத்துக்கும் மேல் கழன்றுவிடும். 20 கிலோ வில்லை 4, 5 கிலோவில் நிறுத்தி, குறிக்கண்ணாடி வழியே நிதானமாகப் பார்த்துக் கொண்டிருக்கலாம். விலங்கு திரும்பும்வரை காத்திருக்கவும் செய்யலாம்.

பழைய வில்லாளிக்கு அந்த வசதி கிடையாது. நெருங்க வேண்டும், இழுத்த கணமே விடவேண்டும். ஆகவே அவன் வேட்டையில் பெரும்பங்கு கால்களுக்கும் மூச்சுக்கும் உரியது. ஓடி ஓடிப் பன்றியைச் சோர வைத்த திண்ணன் அதன் அருகிலேயே போய்விட்டான். அப்புறம் அம்பு எதற்கு? சேக்கிழார் அமைச்சராக இருந்தவர், வேட்டைக்காரர் அல்லர். எனினும் இவ்விடத்தில் அவர் பிழை செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பசியும் தாகமும் வருத்தின. தேக்கங் காட்டுக்கு அப்பால் பொன்முகலி ஓடுகிறது என்றான் நாணன். இன்று சுவர்ணமுகி என்கிறோமே, அந்த ஆறுதான். பன்றியைச் சுடக் காடனைக் கரையில் நிறுத்திவிட்டு மற்ற இருவரும் மலை ஏறினர். அங்கே குடுமித்தேவர் தனியே இருந்தார். தனியே இருக்கிறாரே என்பதுதான் திண்ணன் உள்ளத்தைப் பிளந்தது. காட்டில் விலங்குகள் உலவும் இடத்தில், உண்ண ஒன்றுமின்றி, துணைக்கு ஒருவருமின்றி! அவன் இறங்கி ஓடினான். பதமாக வெந்த ஊனை மென்று சுவை பார்த்துத் தேர்ந்து இலையில் வைத்தான். வாயிலே நீர், தலைமயிரிலே மலர், கையிலே வில். பாத்திரம் இல்லாதவனுக்கு உடம்பே பாத்திரம். தோழர் அஞ்சி ஊருக்கு ஓடிச் செய்தி சொல்ல, தந்தை வந்து அழைத்தும் அவன் அசையவில்லை.

இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றான். விடிந்ததும் வேட்டைக்குப் போவான். அவன் போனபின் சிவகோசரியார் என்னும் அந்தணர் வந்து ஊனையும் எலும்பையும் கண்டு பதறி, துடைத்துத் தூய்மை செய்து, தம் முறைப்படி பூசிப்பார். மாலையில் திண்ணன் வந்து அதை நீக்கித் தன் ஊனை வைப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத இருவர் இப்படி ஐந்து நாள் போட்டியிட்டனர். அந்தணரை ஏளனம் செய்வோர் உளர், நான் செய்யமாட்டேன். அவரும் தாம் அறிந்த அன்பைத்தான் செய்தார்.

ஆறாம் நாள். இறைவன் கனவிலே பணித்தபடி சிவகோசரியார் மறைந்திருந்து பார்க்கிறார். திண்ணன் வருகிறான். தேவர் கண் ஒன்றிலிருந்து குருதி வழிகிறது! கையிலிருந்த ஊன் சிதறிற்று. அம்பும் வில்லும் நழுவின. பிறகு வில்லை எடுத்துக்கொண்டு, இது செய்தவன் யாரென்று நாற்புறமும் தேடினான், ஒருவரும் இல்லை. பச்சிலை பறித்து வந்து பிழிந்தான், நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அம்பை எடுத்துத் தன் கண்ணைப் பெயர்த்து அப்பினான். குருதி நின்றது. அவன் குதித்தான், கூத்தாடினான்.

வில்லாளிக்குக் கண் என்பது என்ன என்று என் நண்பரைக் கேட்டேன். குறிக்கண்ணாடி பொருத்திய வில்லை ஒரு கண்ணால் எய்துவிடலாம் என்றார் அவர். ஆனால் கண்ணாடி இல்லாத வில்லில், இலைமறைவில் நிற்கும் விலங்கின் தொலைவை மதிப்பிட இரு கண்களும் வேண்டும். முதல் கண் கொடுத்தபோதே திண்ணன் தன் தொழிலில் பாதியைக் கொடுத்துவிட்டான். மற்றைக் கண்ணிலும் குருதி தோன்றியபோது கொடுக்க இருந்தது முழுவதும். வேட்டை, குலத்தலைமை, தந்தை ஒப்புவித்த காவல், எல்லாம் அந்த ஒன்றிலே அடங்கியிருந்தன. அவன் தயங்கவில்லை, மருந்துதான் தெரிந்துவிட்டதே! குருடான பின் இடம் தெரியவேண்டுமே என்பது மட்டுமே அவன் கவலை. செருப்புக் காலைத் தூக்கித் தேவர் கண்ணருகே ஊன்றி அடையாளம் வைத்தான். சோதனைக்கூடத்தில் விளக்கை அணைக்குமுன் திருகின்மேல் விரலை வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே முன்யோசனை. அம்பு கண்ணைத் தொடுமுன் இறைவன் கரம் வெளிப்பட்டுப் பற்றியது. மும்முறை தடுத்து, கண்ணப்பன் என்று அழைத்து, தன் வலப்பக்கத்தில் நிலைத்து நிற்க அருளியது. அன்று முதல் திண்ணன் கண்ணப்பர் ஆனார்.

இது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் புனைந்தது மட்டும் அன்று. 7ஆம் நூற்றாண்டிலே சம்பந்தர் காளத்தியைப் பாடும்போதே வாய் நீரும் கண்ணிடந்த கணையும் இடம்பெற்றுவிட்டன. தெலுங்கில் தூர்ஜடி பாடினார்; கன்னடத்தில் 1954இல் ராஜ்குமார் திரையில் வேடனாகத் தோன்றியே புகழ் பெற்றார். யாருடைய திண்ணன் என்று இனி நான் யாரோடும் வழக்காடுவதாக இல்லை.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் காளத்தி. சென்ற ஞாயிறு நண்பரும் நானும் பேருந்தில் போய்க் கண்ணப்பர் குன்றேறினோம். மகாசிவராத்திரிப் பெருவிழாவுக்கு முதற்கொடி ஏறுவது அக்குன்றின் மேல்தான். 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இக்காடுகளில் எந்த வில்லோடும் வேட்டைக்குப் போக முடியாது. நண்பர் கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். இறங்கும்போது, அடுத்த வாரம் அந்த மூங்கில் வில்லை எனக்கு முறையாகக் கற்பிக்கிறேன் என்றார். இருபது நொடியாவது தாங்கிக் காட்ட வேண்டும்.