சிவப்புப் பட்டு, பைபிள் சத்தியம், ராத்திரி 8 மணிக்கு விளக்கணைப்பு: கடற்கொள்ளையர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் வாழ்ந்தது எப்படி?

கடற்கொள்ளையர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு கண்ணில் கறுப்புத் துணி, தோளில் கிளி, கையில் ரம் பாட்டில். எந்த நேரமும் போதையில் தள்ளாடும் கூட்டம். சட்டமும் கிடையாது, சாமியும் கிடையாது.

ஆனா, அந்தக் காலத்தில் அதிகக் கப்பல்களைப் பிடித்த கொள்ளையரின் கதை இதற்கு நேர் எதிர். குடியில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை, டீ குடிப்பவர் என்றே பெயர். கப்பலில் காசு வைத்துச் சீட்டாடத் தடை. ஞாயிற்றுக்கிழமை இசைக்கலைஞர்களுக்கு ஓய்வு. சண்டைக்குப் போகும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடை.

அவர் பெயர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ். இன்று உலகம் அவரை 'பிளாக் பார்ட்' என்கிறது. அந்தப் பட்டப்பெயர் அவர் இறந்து வெகுகாலம் கழித்து வந்தது. கொள்ளையராக அவர் இருந்தது 3 வருடம்கூட இல்லை. அதற்குள் பிடித்த கப்பல்கள் 400-க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது.

கொள்ளையர் ஆனது எப்படி?

1682-ல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயர் பகுதியில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஜான். பார்த்தலோமியூ என்பது பின்னால் அவரே மாற்றிக்கொண்டது.

1719-ல் 'பிரின்சஸ்' என்ற கப்பலில் மூன்றாம் நிலை அதிகாரியாக இருந்தார். அது அடிமைக் கப்பல். ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கி, சங்கிலி போட்டு, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் விற்பதுதான் அதன் தொழில். கப்பலோட்டுவதில் ராபர்ட்ஸ் கெட்டிக்காரர். ஆனா, பணமும் செல்வாக்கும் இல்லாத ஒருவர் கேப்டன் ஆவது அன்றைக்குக் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அந்த ஜூன் மாதம், இன்றைய கானா நாட்டின் அனோமாபு கடற்கரையில் நின்றிருந்த பிரின்சஸைக் கொள்ளையர்கள் பிடித்தார்கள். அவர்களின் தலைவர் ஹவல் டேவிஸும் வேல்ஸ்காரர். ராபர்ட்ஸ் முதலில் விருப்பமில்லாமல்தான் அவர்களோடு போனார். சில வாரங்களில் பிரின்சிபி தீவில் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட, அடுத்த கேப்டன் யார் என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஜெயித்தது ராபர்ட்ஸ். அப்போது வயது 37. கூட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

முதல் பெரிய வேட்டை பிரேசிலில். லிஸ்பனுக்குக் கிளம்பத் தயாராக 42 போர்த்துக்கீசியக் கப்பல்கள் நின்றிருந்தன. ராபர்ட்ஸ் ஒரு கப்பலின் கேப்டனைப் பிடித்து, இதில் அதிகச் சரக்குள்ள கப்பல் எது என்று காட்டச் சொன்னார். அதைக் குறிவைத்துப் பிடித்தார். கிடைத்தது 40,000 தங்க நாணயங்கள். கூடவே போர்ச்சுகல் மன்னருக்காகச் செய்த வைரச் சிலுவை.

கப்பலுக்குள் என்ன சட்டம்?

அந்தத் தங்கம் கையில் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் ராபர்ட்ஸ் வேறொரு கப்பலைத் துரத்திப் போன நேரம், அவரது ஆள் வால்டர் கென்னடி பெரிய கப்பலோடும் சரக்கோடும் கம்பி நீட்டினார். அடிபட்ட ராபர்ட்ஸ் இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். சட்டப் பட்டியல் ஒன்று தயாரானது. ஒவ்வொருவரும் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

முக்கிய விதிகள் இவை:

• எல்லா விஷயத்திலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. புதிதாகக் கிடைக்கும் உணவிலும் மதுவிலும் எல்லோருக்கும் சம உரிமை.

• காசு வைத்துச் சீட்டு, தாயக்கட்டை ஆடக்கூடாது.

• ராத்திரி 8 மணிக்கு விளக்கணைப்பு. அதற்குமேல் குடிப்பவர்கள் மேல்தளத்தில், திறந்தவெளியில் குடிக்க வேண்டும்.

• கப்பலில் கைகலப்பு கூடாது. தகராறு என்றால் கரையில் இறங்கி, கத்தியும் துப்பாக்கியும் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

• சண்டையில் கை, கால் போனால் பொதுப் பணத்திலிருந்து 800 வெள்ளி நாணயம் நஷ்டஈடு.

• கொள்ளையில் கேப்டனுக்கு 2 பங்கு. சாதாரண மாலுமிக்கு 1 பங்கு.

• சண்டையில் கப்பலை விட்டு ஓடினால் மரணம், அல்லது ஆளில்லாத தீவில் தனியாக விடப்படுவது.

சாதாரண வணிகக் கப்பலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். சவுக்கடி, அழுகிய சாப்பாடு, பாதிச் சம்பளம் எதைப் பற்றியும் மாலுமி கேள்வி கேட்க முடியாது. அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டு, இன்சூரன்ஸ், கிட்டத்தட்ட சமமான சம்பளம். பிடிபட்ட கப்பல்களில் இருந்த பலர் தாங்களாகவே வந்து சேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

விதி எழுதியாச்சு, ஆனா குடி நின்றதா? இல்லை. அதை மட்டும் கடைசிவரை ராபர்ட்ஸால் கட்டுப்படுத்த முடியவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலையைப் பின்னால் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

கொள்ளைக் கப்பல்களில் இசைக்கலைஞர்களுக்கு செம டிமாண்ட். வேலை நேரத்தில் பாட்டு, சாப்பாட்டு நேரத்தில் பாட்டு, சண்டையில் எதிரியைப் பயமுறுத்த முரசும் எக்காளமும். 1720 ஜூனில் நியூபவுண்ட்லாந்தின் டிரெபாசி துறைமுகத்துக்குள் ராபர்ட்ஸ் நுழைந்ததே இப்படித்தான். அங்கே 22 கப்பல்கள் நின்றிருந்தன. முரசுச் சத்தம் கேட்டதும் மாலுமிகள் கரைக்கு ஓடிவிட்டார்கள்.

ராபர்ட்ஸின் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கலைஞர்களுக்கு ஓய்வு. மற்ற ஆறு நாளும் ராத்திரி பகல் பாராமல் கேட்டால் வாசிக்க வேண்டும். பார்க்க பக்தியான விதி. ஆனா இவர்களில் பலர் வேறு கப்பல்களிலிருந்து கட்டாயமாகத் தூக்கி வரப்பட்டவர்கள். அது பின்னால் நீதிமன்றத்தில் தெரியவந்து, அவர்கள் விடுதலையானார்கள்.

1721-ல் 'ஆன்ஸ்லோ' என்ற கப்பலைப் பிடித்தபோது அதில் ஒரு பாதிரியார் இருந்தார். எங்களோடு வாருங்கள், ஜெபம் செய்வதும் பஞ்ச் என்ற மது கலப்பதும்தான் வேலை என்று கூப்பிட்டார்கள். அவர் மறுத்தார். யாரும் வற்புறுத்தவில்லை. அவருடைய பொருட்களைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். எடுத்துக்கொண்டது மூன்று ஜெபப் புத்தகங்களும், பாட்டில் மூடி திறக்கும் திருகு ஒன்றும்தான். 1724-ல் வெளியான, கேப்டன் சார்லஸ் ஜான்சன் எழுதிய கடற்கொள்ளையர் வரலாற்று நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பகட்டான உடை?

அன்றைய மாலுமியை உடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குட்டையான மேல்சட்டை, கட்டம் போட்ட சட்டை, முட்டியைத் தாண்டும் தொளதொள கால்சட்டை. தண்ணீர் இறங்காமல் இருக்க துணியில் தார் பூசியிருப்பார்கள். பட்டு, பூவேலை, இறகு வைத்த தொப்பி எல்லாம் பணக்காரர்களின் அடையாளம்.

அதனால் கொள்ளையருக்குத் துணியும் ஒரு பொக்கிஷம். பிடித்த கப்பலில் ஏறும் முறை வரும்போது, பங்கு போக ஒரு மாற்று உடை எடுத்துக்கொள்ளலாம் என்று ராபர்ட்ஸின் சட்டமே சொன்னது. அதே காலத்தில் கரீபியனில் இருந்த ஜான் ரேக்கம் பருத்தித் துணி உடுத்தியே 'காலிகோ ஜாக்' ஆனார். காலிகோ என்ற சொல் நம்ம பக்கத்து ஊரான கோழிக்கோட்டிலிருந்து போனது.

ராபர்ட்ஸ் ஒருபடி மேலே. பூவேலை செய்த சிவப்புப் பட்டில் மேலங்கியும் கால்சட்டையும். தொப்பியில் சிவப்பு இறகு. தோளில் பட்டு வாரில் தொங்கும் இரண்டு ஜோடி கைத்துப்பாக்கிகள். கழுத்தில் தங்கச் சங்கிலி, அதில் வைரச் சிலுவை. எனக்குக் கிடைக்காத பதவியை நானே எடுத்துக்கொண்டேன் என்று ஊருக்கே காட்டும் உடை அது.

சமத்துவம் எதுவரை?

இதுவரை படித்தால் ராபர்ட்ஸ் மேல் ஒரு மரியாதை வரும். பல புத்தகங்களும் கேம்களும் இங்கேயே கதையை நிறுத்திவிடுகின்றன. ஆனா 1722 ஜனவரி இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்றைய பெனின் நாட்டில் இருக்கும் விடா, அன்று பெரிய அடிமைச் சந்தை. அங்கே நின்றிருந்த 11 அடிமைக் கப்பல்களை ராபர்ட்ஸ் மடக்கினார். ஒவ்வொரு கப்பலுக்கும் 8 பவுண்ட் தங்கத்தூள் பிணைத்தொகை. பணம் கட்டியவர்களுக்கு ரசீதுகூடக் கொடுத்தார்கள். 'போர்குபைன்' கப்பலின் கேப்டன் மட்டும் கட்ட மறுத்தார்.

அந்தக் கப்பலைக் கொளுத்த முடிவானது. முதலில் உள்ளே இருந்த ஆப்பிரிக்கர்களை இறக்கிவிட வேண்டும் என்றுதான் ராபர்ட்ஸ் படகு அனுப்பினார். ஆனா, இரண்டிரண்டு பேராகப் போட்டிருந்த சங்கிலியைக் கழற்ற நேரமாகும், வேலை அதிகம் என்று ஆட்கள் அப்படியே தீ வைத்தார்கள். உள்ளே 80 பேர். நெருப்பில் வெந்து சாவது, சுறாக்கள் நிறைந்த கடலில் சங்கிலியோடு குதிப்பது, இந்த இரண்டு வழிதான் அவர்களுக்கு இருந்தது.

ஆளுக்கு ஒரு ஓட்டு, கால் போனால் நஷ்டஈடு என்று எழுதிய சட்டத்தில் அந்த 80 பேருக்கு ஒரு வரிகூட இல்லை. சம உரிமை என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்குள் மட்டும்தான் இருந்தது.

கடைசி நாள்

பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஸ்வாலோ' ஏற்கெனவே பின்தொடர்ந்து கொண்டிருந்தது. கேப்டன் சலோனர் ஓகில். 1722 பிப்ரவரி 5-ல், இன்றைய காபோன் நாட்டின் லோபஸ் முனையில் ராபர்ட்ஸின் கப்பல்களைக் கண்டுபிடித்தார். ஒரு மணல்திட்டைத் தவிர்க்க ஸ்வாலோ விலகித் திரும்பியதும், ஏதோ வணிகக் கப்பல் பயந்து ஓடுகிறது என்று நினைத்துக் கொள்ளையரின் ஒரு கப்பல் துரத்தியது. கரைக்குச் சத்தம் கேட்காத தூரம் போனதும், ஓகில் அதை மடக்கிப் பிடித்தார்.

பிப்ரவரி 10-ம் தேதி ஸ்வாலோ திரும்பி வந்தது. ராபர்ட்ஸ் காலைச் சாப்பாட்டில் இருந்தார். முந்தைய நாள் பிடித்த கப்பலின் சரக்கைக் குடித்துவிட்டு அவரது ஆட்கள் பலர் போதையில் கிடந்தார்கள். அந்த 8 மணி விதி வேலை செய்யவே இல்லை. ராபர்ட்ஸ் சிவப்புப் பட்டை உடுத்திக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். பீரங்கியிலிருந்து சிதறிய குண்டு தொண்டையில் பாய்ந்தது. அங்கேயே உயிர் போனது. முன்பே அவர் கேட்டுக்கொண்டபடி, உடையோடும் ஆயுதங்களோடும் உடலைக் கடலில் போட்டார்கள். அது கிடைக்கவே இல்லை.

பிடிபட்டவர்களுக்கு விசாரணை நடந்த இடம் கானாவின் கேப் கோஸ்ட் கோட்டை. அதுவும் ஆப்பிரிக்கர்களை அடைத்து வைத்து விற்ற அடிமைக் கோட்டைதான். ராபர்ட்ஸ் முதலில் பிடிபட்ட அனோமாபுவிலிருந்து சில மைல் தூரம். 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஓகிலுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

ராபர்ட்ஸின் கப்பல்களில் சுமார் 70 கறுப்பினத்தவரும் இருந்தார்கள். அவர்களுக்கு விசாரணை நடக்கவில்லை. தூக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. பிடித்த சரக்கோடு சரக்காக, அவர்களை அடிமைகளாக விற்றுவிட்டார்கள்.