கடிகாரத்தை விற்று வாங்கிய பில்லியர்ட்ஸ் மேஜை!

லண்டன் நகர மையத்திலிருந்து சுமார் 16 மைல் தூரத்தில், அந்தக் காலத்தில் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்திருந்த, டவுன் என்று ஒரு சிறு கிராமம். அங்கே இருக்கும் ஒரு பழைய வீட்டைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். சார்லஸ் டார்வின் 40 ஆண்டுகள் வாழ்ந்த வீடு அது. 'உயிரினங்களின் தோற்றம்' என்ற உலகப் புகழ் பெற்ற நூல் அங்கேதான் எழுதப்பட்டது.

அந்த நூல் பிறந்த அறையைப் பக்தியோடு பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதே வீட்டில் இன்னோர் அறைக்குள் நுழைந்ததும் சற்றுத் திகைக்கிறார்கள். நடுவே பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, நீண்ட கோல்கள், பந்துகள். அது பில்லியர்ட்ஸ் ஆடும் அறை! மகா மேதையின் வீட்டில் இதற்கு என்ன வேலை?

ஒரு காலத்தில் அது சாப்பாட்டு அறையாக இருந்தது. அது விளையாட்டு அறையாக மாறியதற்கு ஒரு கதை உண்டு.

உதவாக்கரைப் பிள்ளை

1809 பிப்ரவரி 12-ல் பிறந்த டார்வின், சிறு வயதில் தகப்பனாருக்குப் பெரிய கவலையாக இருந்தார். ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். ஆறடிக்கு மேல் உயரம். பிள்ளைகள் அவர் முன் நிற்கவே தயங்குவார்கள். மகனோ துப்பாக்கியும் நாயும் எலி பிடிப்பதுமாகப் பொழுதைக் கழித்தான். குடும்பத்துக்கே அவமானம் தேடித் தரப் போகிறாய் என்று தந்தை சீறினார். வைத்தியம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம். ஆபரேஷனைக் காணச் சகியாமல் பையன் ஓடி வந்துவிட்டான். பாதிரியாராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே வண்டு பிடித்தான்.

பிறகு 'பீகிள்' கப்பலில் ஐந்து ஆண்டுப் பயணம். 1836-ல் திரும்பியபோது அவர் விஞ்ஞானிகள் மதிக்கும் மனிதர். 1839-ல் தாய்மாமன் மகள் எம்மாவை மணந்தார். நம் ஊர் வழக்கப்படி சொன்னால் முறைப்பெண்! 1842-ல் தந்தையின் பண உதவியோடு டவுன் வீட்டை வாங்கிக் குடியேறினார்.

ஓயாத மூளை

அதற்குள்ளேயே நோய் பிடித்துக்கொண்டது. வாந்தி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. விருந்தாளியுடன் அரை மணி உற்சாகமாகப் பேசினால் அன்றிரவு தூக்கம் போய்விடும். அது என்ன நோய் என்று வைத்தியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒன்று மட்டும் டார்வினுக்கே தெரிந்திருந்தது: மூளை ஓய்வதில்லை.

ஓயும்படியான விஷயமா அது! உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தவை என்ற எண்ணம் அவரைப் பற்றி 20 ஆண்டுகள் ஆகியும் புத்தகமாக வெளிவரவில்லை. 1844-ல் சுமார் 230 பக்கம் எழுதி மூடி வைத்தார். தாம் இறந்துவிட்டால் 400 பவுன் செலவிட்டு அதை அச்சிட வேண்டும் என்று மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். பிறகு, பாறைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் பிராணிகளை ஆராய்வதில் எட்டு ஆண்டுகள் போயின.

1858 ஜூனில் இடி விழுந்தது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆல்பிரட் வாலஸ் என்பவர் அனுப்பிய கட்டுரை தபாலில் வந்தது. டார்வின் 20 ஆண்டு மறைத்து வைத்திருந்த அதே கருத்து! அதே சமயம் வீட்டில் விஷக் காய்ச்சல். ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஜூன் 28-ல் மாண்டது. ஜூலை 1-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் கட்டுரைகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. அன்று குழந்தையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

இனித் தாமதிக்க முடியாது. இரவும் பகலும் அதே நினைவாக எழுதலானார். உடம்பு மறுபடி முறிந்தது. 1859 பிப்ரவரியில் மூர் பார்க் என்ற இடத்தில் நீர்ச் சிகிச்சைக்குப் போனார். அங்கே நோயாளிகளின் பொழுதுபோக்குக்காக ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. டார்வின் கோலைக் கையில் எடுத்தார். நன்றாகவே ஆடினார். அடித்த அடிகளைப் பற்றி மூத்த மகனுக்குப் பெருமையாகக் கடிதம் போடுகிற அளவுக்கு!

காலியான அறை

அதற்கு முன்புதான் டவுன் வீட்டைப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். அறைகள் இடம் மாறியதில் பழைய சாப்பாட்டு அறை காலியாயிற்று. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் காலி அறைக்கு உபயோகமா இல்லை? டார்வின் அதைத் தம் தலைக்கு ஓய்வு தரும் இடமாக்கினார். மேஜை வந்து இறங்கியது.

அதன் விலைக்காக அவர் செய்த காரியம் ஆச்சரியமானது. தந்தையின் தங்கக் கடிகாரத்தையும், மனைவி வழிக் குடும்பமான வெட்ஜ்வுட் தொழிற்சாலையில் செய்த சில சிற்ப வேலைப்பாடுகளையும் விற்றார்! டார்வின் ஏழை அல்ல. ரயில்வே பங்குகளில் முதலீடு இருந்தது. வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவர். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ இது சாதாரணமாகத் தோன்றவில்லை. விளையாட்டுப் பிள்ளை என்று திட்டிய தந்தையின் கடிகாரம், அவர் போன பதினோராம் ஆண்டில் விளையாட்டு மேஜையாயிற்று.

பலன் இருந்தது. அந்த மார்ச் மாதமே நண்பர் ஒருவருக்கு எழுதினார்: மேஜை தமக்கு நல்லது செய்கிறது, பாழும் உயிரினங்களைத் தலையிலிருந்து துரத்திவிடுகிறது என்ற கருத்தில்.

எதிராட்டம் ஆடியது யார்? பிள்ளைகள் ஆடினார்கள். வீட்டுப் பட்லர் ஜோசப் பார்ஸ்லோவும் ஆடினார்! லண்டன் நாளிலிருந்தே கூட இருந்த மனிதர். 1849-ல் டார்வின் நீர்ச் சிகிச்சை எடுத்தபோது தோட்டத்துக் கொட்டகையில் எஜமானரைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டித் தேய்த்துவிட்டவரும் அவரே. எஜமானர் வீட்டில் வேலையாள் அடங்கி ஒடுங்கி நின்ற அந்தக் காலத்தில், ஒரே மேஜையின் இரு பக்கமும் இருவரும் கோல் பிடித்து நின்றார்கள்.

மேஜை நோயைத் தீர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. அக்டோபர் 1-ல் கடைசி அச்சுப் படிகளைத் திருத்தி முடித்ததும் டார்வின் இல்க்லி என்ற ஊருக்கு மறுபடி நீர்ச் சிகிச்சைக்கு ஓடினார். நவம்பர் 24-ல் புத்தகம் வெளிவந்தபோதும் அங்கேதான் இருந்தார். அச்சிட்டது 1,250 பிரதிகள்; விற்பனைக்கு வந்தவற்றை வியாபாரிகள் முன்னதாகவே வாங்கிவிட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கொடிய ஆண்டில் தினம் கொஞ்ச நேரமாவது அவர் தலை சும்மா இருந்தது என்றால், அது அந்தப் பழைய சாப்பாட்டு அறையில்தான்.

ஓய்வையும் அவர் வேலையைப் போலவே ஒழுங்காகச் செய்தார். இரவில் மனைவியுடன் இரண்டு ஆட்டம் பகடை. எம்மா வாசிக்கக் கேட்பது நாவல். கதை சுபமாக முடியவேண்டும் அவருக்கு! பகடையில் யார் எத்தனை ஜெயித்தார் என்று கணக்கும் வைத்தார். 1876 ஆரம்பத்தில் எம்மா 2,490, அவர் 2,795.

1882 ஏப்ரல் 19-ல் டார்வின் காலமானார். ஒரு வாரம் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். பிரபுக்களும் விஞ்ஞானிகளும் வெளிநாட்டுத் தூதர்களும் கூடிய அந்தச் சபையில், ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பார்ஸ்லோவும் இருந்தார்.