நிக்கொலாய் பொகொலியூபொவ்

நிக்கொலாய் நிக்கொலாயெவிச் பொகொலியூபொவ் (ஆகஸ்ட் 21, 1909 – பெப்ரவரி 13, 1992) ஒரு சோவியத் கணிதவியலாளரும் கோட்பாட்டு இயற்பியலாளரும் ஆவார். மீப்பாய்மத்தையும் மீக்கடத்தலையும் விளக்க இவர் வகுத்த கணித முறை, மோதும் அணுக்கருக்களிடையே நியூட்ரான்கள் இடம்பெயர்வதைக் கணக்கிடவும் அடிப்படையாக உள்ளது.

வாழ்க்கை

உருசியாவின் நீசுனி நோவ்கொரத் நகரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். குடும்பம் பின்னர் உக்ரைனுக்குக் குடிபெயர்ந்தது. கீவ் நகரில் கணிதவியலாளர் நிக்கொலாய் கிறிலோவின் கருத்தரங்குகளில் 13 வயதிலேயே பங்கேற்றார். 1924 இல் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதினார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாத இவரை, உக்ரைனிய அறிவியல் கழகம் 1925 இல் சிறப்பு அனுமதியின் பேரில் ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. 1930 இல் முனைவரானார். 1950களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் சோவியத் ஐதரசன் குண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். 1956 முதல் தூப்னாவிலுள்ள அணுக்கரு ஆய்வுக் கூட்டு நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தை வழிநடத்தினார். 1965 முதல் 1988 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

மீப்பாய்மமும் அணுக்கருவும்

ஒன்றுடன் ஒன்று மெலிதாக வினைபுரியும் போசான்களின் வளிமத்துக்கு 1947 இல் இவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். துகள்களைத் தனித்தனியே பின்தொடராமல், அவற்றின் கூட்டு அசைவுகளையே புதிய 'போலித் துகள்களாக' எண்ணுவது இதன் உத்தி. 1958 இல் இதே உத்தியை மீக்கடத்திகளில் இணைசேரும் எலக்ட்ரான்களுக்கு விரித்தார். அதே ஆண்டில் வாலட்டின் என்பவரும் தனியாக இம்மாற்றீட்டைக் கண்டடைந்தார். அணுக்கருவிலும் நியூட்ரான்கள் இவ்வாறே இணைசேரக்கூடும் என்பதை ஆகெ போர், மொட்டெல்சன், பைன்சு ஆகியோர் 1958 இல் சுட்டிக்காட்டினர். அணுக்கருப் பொருளின் மீப்பாய்மம் குறித்து பொகொலியூபொவும் அவ்வாண்டில் எழுதினார்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு: இதில் துகள்களின் எண்ணிக்கை நிலையாக இராது, சராசரி மட்டுமே குறிக்கப்படும். எண்ணற்ற எலக்ட்ரான்களைக் கொண்ட உலோகத்தில் இது பொருட்டன்று. ஆனால் வெள்ளீயம்-116 அணுக்கருவில் இருப்பவை 66 நியூட்ரான்களே. முறையோ 64, 66, 68 நியூட்ரான்களைக் கொண்ட நிலைகளின் கலவையைத் தருகிறது. இரண்டு அணுக்கருக்கள் மோதும்போது எத்தனை நியூட்ரான்கள் மாறிச்சென்றன என்பதே கேள்வியாகையால் இக்குறை பெரிதாகிறது. எனவே மோதலின் முடிவில் குறித்த எண்ணிக்கையுள்ள பகுதியை மட்டும் வடித்தெடுத்துக் கணக்கிடுகின்றனர். வெள்ளீயம்-116, நிக்கல்-60 மோதலில் மின் விலக்கத் தடைக்குக் கீழான ஆற்றல்களில் நிகழும் நியூட்ரான் மாற்றத்தை இத்தாலியின் லெக்னாரோ ஆய்வகத்தில் அளந்து 2014 இல் வெளியிட்டனர். இரு நியூட்ரான்கள் சேர்ந்து மாறும் வாய்ப்பு, அவை தனித்தனியே மாறுவதாகக் கொண்டால் கிடைப்பதைவிட மிகுதியாக இருந்தது.

சிறப்புகள்

லெனின் பரிசு (1958), மாக்சு பிளாங்க் பதக்கம் (1973) ஆகியவற்றைப் பெற்றார். திராக் பதக்கம் இவர் மறைந்த 1992 ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. தூப்னாவில் இவர் வழிநடத்திய ஆய்வகம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.