கடல் கடந்த ஆசிரியர்

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே கவரைப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ளன. அதன் மேற்கே முருகன் கோயில் கொண்ட திருத்தணி உள்ளது. அவ்வூரில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தந்தையார் வீராசாமி, தாயார் சீதம்மா. தெலுங்கு பேசும் எளிய குடும்பம் அது.

செல்வம் குறைந்த இல்லத்தில் தோன்றிய அச்சிறுவர், உதவித்தொகை பெற்றே கல்வியைத் தொடர்ந்தார். திருத்தணி, திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களில் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்தார். புதிய நூல்கள் வாங்கப் பொருளில்லாமையால் அவர் தத்துவத்தையே பாடமாக ஏற்றார். வறுமை காட்டிய அவ்வழியே அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது.

அக்கல்லூரியில் ஐரோப்பிய ஆசிரியர் சிலர் இந்து சமயக் கொள்கைகளைக் குறைகூறினர். அவர் சினம் கொள்ளவில்லை. நாணித் தலைகுனியவும் இல்லை. அக்குறைகள் மெய்யோ என அறியும் பொருட்டு மூலநூல்களை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். அதன் பயனாக, 1908ஆம் ஆண்டில் வேதாந்தத்தின் அறநெறி பற்றிய ஆய்வுரையை எழுதினார். குறை கூறிய கல்லூரியிலேயே அது பாராட்டும் பெற்றது.

1909ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1918இல் மைசூருக்குச் சென்றார். அங்கு மாணவர் உள்ளங்களை அவர் எவ்வளவு கவர்ந்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். 1921இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலரால் அணிசெய்த வண்டியைத் தாமே புகைவண்டி நிலையம்வரை இழுத்துச் சென்றனர்.

1926ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்ற அவரை, ஆக்ஸ்போர்டிலுள்ள மான்செஸ்டர் கல்லூரி சொற்பொழிவாற்ற அழைத்திருந்தது. அந்நாளில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆளும் இனத்து இளைஞர்முன், ஆளப்படும் நாட்டவர் ஒருவர் ஆசிரியராக நிற்பது எளிதன்று. தலைப்பாகையும் நீண்ட சட்டையும் அணிந்து, தம் நாட்டுக் கோலத்தை மாற்றாமலே அவர் உரை நிகழ்த்தினார். இந்து சமய வாழ்க்கைநெறியை விளக்கும் அவ்வுரைகள் 1927இல் நூலாக வெளிவந்தன.

1929இல் அக்கல்லூரி அவரை மீண்டும் அழைத்தது. அங்கு மாணவர்க்குச் சமயங்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். கிறித்தவ வழிபாட்டுக் கூடத்திலும் உரையாற்றினார். 1936ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் அறநெறிக்கும் உரிய பேராசிரியராக அவரை அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1952வரை அப்பதவியை வகித்தார்.

அயல்நாட்டு மாணவர் அவரிடம் அன்பு பூண்டது எதனால்? அவர் நம்முடையதே உயர்ந்தது என்று வாதிடவில்லை. அவர்கள் நன்கறிந்த பிளேட்டோ முதலியோரின் கருத்துகளிலிருந்து தொடங்கி, உபநிடதங்களின் கருத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார். பிறர் வீட்டு விளக்கையும் போற்றி, தம் வீட்டு விளக்கையும் ஏற்றிக் காட்டினார். அதனால் கேட்டோர் அவரைத் தோழராகவே கருதினர்.

அவர் 1962முதல் 1967வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கினார். தம் பிறந்தநாளை மாணவரும் நண்பரும் கொண்டாட விரும்பியபோது, அதனை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுமாறு வேண்டினார். 1975இல் தமக்குக் கிடைத்த டெம்பிள்டன் பரிசுத்தொகையை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். அவ்வாண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். 1989இல் அப்பல்கலைக்கழகம் அவர் பெயரால் மாணவர் உதவித்தொகையை நிறுவியது. உதவித்தொகையால் கற்ற ஏழைச் சிறுவரின் பெயர் இவ்வாறு பிறர் கற்கும் உதவித்தொகைக்குப் பெயராயிற்று.

மாணவர்களே! நாளை நீங்களும் அயல்நாடு சென்று பயிலலாம். அங்கு உங்கள் நாட்டைப் பற்றி வினவுவோர் பலர் இருப்பர். அவர்க்கு விடை கூற முதலில் நம்முடையதை நன்கு அறிதல் வேண்டும். பிறருடையதையும் மதித்துக் கற்றல் வேண்டும். இவ்விரண்டும் உடையார்க்கு எந்நாடும் தம் நாடாகும்.